பிறர் செய்வது நமக்கு எப்படிப் புரிகிறது? கண்ணாடி நியூரான்களும் அதற்குப் பின் வந்த ஆய்வுகளும்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயங்கள். ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்த்தவுடனே நமக்குப் புரிவது மூளையில் உள்ள கண்ணாடி நியூரான்களால்தான் (ஒன்றை நாம் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் துடிக்கும் செல்கள்) என்று நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் சொல்கிறாரே, அது இன்றைக்கும் நிற்கிறதா? ஆட்டிசம் என்பது அந்த நியூரான்கள் சரியாக வேலை செய்யாததால் வருவதா? முதல் கேள்விக்கே பதிலின் பெரும்பகுதி போய்விடும். இரண்டாவதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி நியூரான்கள் இருப்பது உண்மை. ஆனால் ஒரு செயலின் பொருள் நமக்குப் பிடிபடும் வேலை முக்கியமாக அவை இருக்கும் இடத்தில் நடப்பதாகத் தெரியவில்லை. இதைப் பொறுமையாக, ஒவ்வொரு படியாகச் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர் ஆங்கெலிகா லிங்னாவ். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அதற்கு முன் இத்தாலியின் ட்ரெண்டோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். ராமச்சந்திரன் அளவுக்கு மேடையில் பிரபலமானவர் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு இன்று பதில் தேடினால் அவருடைய கட்டுரைகளைத் தாண்டிப் போக முடியாது.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போது விரல்கள் மூடியைத் திருகுகின்றன. அட்டைப் பெட்டியைத் திறக்கும்போது கை மேல்நோக்கிப் போகிறது. ஜன்னல் திரையைத் திறந்தால் கை பக்கவாட்டில் போகும். கை அசைவில் இவற்றுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனாலும் மூன்றையும் 'திறக்கிறார்' என்று ஒரு நொடியில் சொல்லிவிடுகிறோம். மறுபக்கம், கண்ணாடியைத் துடைப்பவரின் கையும் ரயிலில் போகிறவருக்கு டாட்டா காட்டுபவரின் கையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் அசைகின்றன. யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆக, அசைவு வேறு, செயல் வேறு. கண்ணுக்குள் போவது அசைவு. மூளை வெளியே எடுப்பது செயல். நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு கவர்ச்சியான பதில் இத்தாலியின் பார்மா நகரிலிருந்து வந்தது. ஜாகோமோ ரிசோலாட்டியின் குழு மக்காக் குரங்குகளின் மூளையில் எஃப்5 என்ற பகுதியில் தனித்தனி நியூரான்களின் துடிப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தது. கையால் பற்றுவது, கிழிப்பது, பிடித்திருப்பது போன்ற செயல்களைத் திட்டமிடும் பகுதி அது. குரங்கு உணவுத் துண்டை எடுக்கும்போது துடித்த சில நியூரான்கள், எதிரே இருந்த ஆய்வாளர் அதை எடுக்கும்போதும் துடித்தன. அந்த நேரத்தில் குரங்கின் கை சும்மாதான் இருந்தது. 1992-இல் முதல் கட்டுரை வந்தது. 'நேச்சர்' இதழ் அதைப் பொது ஆர்வத்துக்குரியது அல்ல என்று திருப்பி அனுப்பியதாக ரிசோலாட்டி பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1996-இல் வந்த கட்டுரைகளில் 'கண்ணாடி நியூரான்' என்ற பெயர் நிலைபெற்றது. (ஆய்வாளர் ஐஸ்கிரீம் நக்கியதைக் குரங்கு பார்த்தது என்ற கதை இணையத்தில் சுற்றும். 1992 கட்டுரையில் அப்படி எதுவும் இல்லை.)

பின்னால் வந்த சோதனைகள் இன்னும் சுவாரசியமானவை. 2001-இல் ஒரு பொருளைத் திரைக்குப் பின்னால் வைத்தார்கள். கை திரைக்குப் பின்னே போய் மறைந்துவிடுகிறது, பற்றும் கணம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பொருள் இருக்கிறது என்று குரங்குக்கு முன்பே தெரிந்திருந்தால், பாதி நியூரான்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 2002-இல் வேர்க்கடலை உடைபடும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம் இவற்றைக் கேட்டே சில நியூரான்கள் துடிப்பதைக் கண்டார்கள். 2005-இல் லியனார்டோ ஃபொகாஸியும் குழுவினரும் மூளையின் மேற்பின்புறத்தில் இருக்கும் உச்சிப்பகுதியின் நியூரான்களைப் பார்த்தார்கள். வாயில் போடுவதற்காக எடுப்பதா, பாத்திரத்தில் போடுவதற்காக எடுப்பதா என்பதைப் பொறுத்து, எடுக்கும் கணத்திலேயே துடிப்பு வேறுபட்டது.

இதிலிருந்து ஒரு கொள்கை எழுந்தது: அடுத்தவர் செய்வதைப் பார்க்கும்போது நம் மூளை அதைத் தனக்குள் ஓசையில்லாமல் செய்து பார்க்கிறது, அப்படிச் செய்து பார்ப்பதுதான் புரிதல். கேட்க அழகான கொள்கை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிஃபோர்னியாவில் பேராசிரியரான ராமச்சந்திரன் 2000-இலேயே, டி.என்.ஏ. உயிரியலுக்குச் செய்ததைக் கண்ணாடி நியூரான்கள் உளவியலுக்குச் செய்யும் என்று எழுதினார். 2009-இல் மைசூரில் பேசியபோது அவற்றுக்குக் 'காந்தி நியூரான்கள்' என்றே பெயர் வைத்தார். உனக்கும் எனக்கும் நடுவிலுள்ள வேலியை அவை கரைத்துவிடுகின்றன என்பது அவர் வாதம். உங்கள் காதுக்கு வந்தது இந்த உரையாகத்தான் இருக்கும். நல்ல பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் குரங்கின் கையில் இருந்த கடலையிலிருந்து மனித நாகரிகம் வரைக்கும் ஒரே தாவலில் போய்விட்டார் என்பது என் அபிப்பிராயம்.

சிக்கல்கள் சீக்கிரமே தெரிய ஆரம்பித்தன. நாய் குரைக்கிறது, பறவை சிறகடிக்கிறது. இரண்டையும் நம்மால் செய்ய முடியாது, இரண்டுமே நமக்குப் புரிகின்றன. மொழி ஆய்வாளரான கிரெகரி ஹிக்காக் 2009-இல் இந்தக் கொள்கைக்கு எட்டுச் சிக்கல்களை அடுக்கி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பேச்சை உண்டாக்கும் திறன் பழுதானவர்கள் பிறர் பேச்சைப் புரிந்துகொள்ள முடிவதும் அவர் எடுத்துக்காட்டிய விஷயங்களில் ஒன்று.

அதே 2009-இல்தான் லிங்னாவும், அல்ஃபோன்சோ கராமாட்ஸா, பென்னோ கெசியரிக் ஆகியோரும் வெளியிட்ட எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வு வந்தது. மூளையின் எந்த இடம் எவ்வளவு இயங்குகிறது என்று இரத்த ஓட்டத்தை வைத்துக் காட்டும் ஸ்கேன் அது. அவர்கள் பயன்படுத்திய உத்தி எளிமையானது. ஒரே நியூரான் கூட்டத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை வேலை வாங்கினால் இரண்டாம் தடவை அதன் எதிர்வினை குறையும். ஒரு சைகையைச் செய்வதற்கும் பார்ப்பதற்கும் ஒரே கூட்டம்தான் காரணம் என்றால், செய்துவிட்டுப் பார்த்தாலும் சரி, பார்த்துவிட்டுச் செய்தாலும் சரி, குறைவு தெரிய வேண்டும். பார்த்துவிட்டுச் செய்தபோது குறைவு இருந்தது. செய்துவிட்டுப் பார்த்தபோது இல்லை. பார்த்துப் புரிந்துகொள்ளும்போதெல்லாம் செய்யும் நியூரான்கள் தவறாமல் இயங்க வேண்டும் என்றால் இந்த இரண்டாவது விடை வந்திருக்கக் கூடாது. ஆனால் அதே ஆண்டு ஜேம்ஸ் கில்னரின் குழு வேறொரு வடிவமைப்பில் இரு திசையிலும் குறைவைக் கண்டதாக அறிவித்தது. ஆகவே வழக்கு அன்றைக்கு முடியவில்லை.

மனிதர்களிடம் கண்ணாடி நியூரான் உண்டா என்ற கேள்வி 2010-இல் ஓரளவு தீர்ந்தது. வலிப்பு நோய்க்காக மூளைக்குள் மின்முனை வைக்கப்பட்டிருந்த 21 பேரிடம் லாஸ் ஏஞ்சலஸில் ரோய் முகமெல் குழு தனி நியூரான்களைப் பதிவு செய்தது. செய்யும்போதும் பார்க்கும்போதும் துடிக்கும் நியூரான்கள் கிடைத்தன. சில நியூரான்கள் செய்யும்போது துடித்து, பார்க்கும்போது அடங்கிப்போயின. மின்முனைகள் சிகிச்சைக்குத் தேவையான இடங்களில் மட்டுமே இருந்ததால், பார்மா குழு பார்த்த இடத்துக்கு நேரான பகுதி இதில் சோதிக்கப்படவில்லை. சரி, இருக்கின்றன. இருப்பதால் மட்டும் அவைதான் புரிய வைக்கின்றன என்று ஆகிவிடாதல்லவா?

இங்கேதான் லிங்னாவின் முக்கியமான பங்களிப்பு வருகிறது. 'எந்த இடம் ஒளிர்கிறது' என்று பார்ப்பதை விட்டுவிட்டு, 'அந்த இடத்துக்கு என்ன தெரியும்' என்று கேட்க ஆரம்பித்தார். எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் லட்சக்கணக்கான நியூரான்கள் இருக்கும். ஒரு பகுதியின் சராசரி ஒளிர்வு இரண்டு செயல்களுக்கும் ஒன்றாகவே இருந்தாலும், கட்டங்களுக்கு இடையே அது பரவியிருக்கும் வடிவம் வேறாக இருக்கலாம். அதே எண்ணிக்கையில் புள்ளி வைத்து இரண்டு வேறு கோலம் போடலாம் இல்லையா, அது மாதிரி. அந்த வடிவங்களைக் கணினி நிரலுக்குப் பழக்கி, புதிதாக ஒரு வடிவத்தைக் காட்டி 'இது எந்தச் செயல்' என்று கேட்பார்கள். நிரல் சரியாகச் சொன்னால், அந்தச் செயலைப் பற்றிய தகவல் அந்தப் பகுதியில் இருக்கிறது என்று பொருள்.

மோரிட்ஸ் வுர்மும் லிங்னாவும் 2015-இல் செய்த சோதனையை நான் பலருக்கும் சொல்வதுண்டு, அவ்வளவு தெளிவானது. ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர்களுக்குப் பாட்டில்களையும் பெட்டிகளையும் திறக்கும், மூடும் காணொளிகளைக் காட்டினார்கள். முதல் படியில், ஒரு குறிப்பிட்ட பாட்டிலைத் திறப்பதையும் மூடுவதையும் நிரல் பிரித்தறிகிறதா என்று பார்த்தார்கள். இரண்டாம் படியில், ஒரு வகைப் பாட்டிலில் பழக்கி வேறு வகைப் பாட்டிலில் சோதித்தார்கள். அந்த இரண்டிலும் கை அசைவே வேறு. மூன்றாம் படியில் பாட்டிலில் பழக்கி பெட்டியில் சோதித்தார்கள். இதில் நிரல் வென்றால், அந்தப் பகுதிக்குத் 'திறத்தல்' என்ற விஷயமே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். பொருளும் அசைவும் மாறிய பிறகும் மிச்சமிருப்பது அது ஒன்றுதானே.

விடை இப்படி வந்தது. கண்ணாடி நியூரான் கொள்கையின் தாய்வீடான முன்னியக்கப் பகுதி (செயல்களைத் திட்டமிடும் இடம், குரங்கின் எஃப்5 இதைச் சேர்ந்தது) முதல் படியோடு நின்றுவிட்டது. குறிப்பிட்ட பாட்டிலைக் குறிப்பிட்ட விதத்தில் திறப்பது மட்டுமே அதில் பதிந்திருந்தது. மூன்றாம் படி வரைக்கும் வந்தவை இரண்டு இடங்கள். ஒன்று உச்சிப்பகுதியின் கீழ்ப்பாகம். மற்றொன்று காதுக்குப் பின்னால் சற்று மேலே, பார்வைப் பகுதியும் பொட்டுப் பகுதியும் சேரும் இடம். ஆய்வாளர்கள் அதை எல்.ஓ.டி.சி. என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்த இடம் தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அசைவை உணரும் பகுதி இங்கே இருக்கிறது. உடல் உறுப்புகளின் உருவத்தை அறியும் பகுதி பக்கத்திலேயே. கருவிகளுக்குத் தனியாக எதிர்வினை காட்டும் பகுதி அதை ஒட்டி. கொஞ்சம் மேலே போனால், இரண்டு பேர் ஒருவரோடொருவர் பழகுவதைக் கவனிக்கும் பகுதி. யார், எந்த உறுப்பால், எதை வைத்து, யாரை நோக்கி என்று ஒரு செயலுக்குத் தேவையான எல்லாமே இங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன.

பின்னே இருக்கும் எல்.ஓ.டி.சி., முன்னே இருக்கும் முன்னியக்கப் பகுதியிடமிருந்து தகவல் வாங்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. எஃப்.எம்.ஆர்.ஐ. மெதுவானது, யார் முந்தினார்கள் என்று அதனால் சொல்ல முடியாது. அதனால் ரஃபேலே டுச்சியாரெல்லி, லிங்னாவ் முதலியோர் 2015-இலேயே எம்.இ.ஜி. கருவிக்குப் போனார்கள். மூளையின் காந்தப்புல மாற்றத்தை மில்லி நொடிக் கணக்கில் பதிவு செய்யும் கருவி அது. ஒரு பொருளைச் சுட்டிக்காட்டும் கை, அதைப் பற்றும் கை என்று இரண்டு செயல்கள். எந்தக் கை, எந்தத் திசை என்பதை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். இந்த மாற்றங்களைத் தாண்டிய செயல் தகவல் முதலில் தோன்றியது எல்.ஓ.டி.சி. பக்கத்தில். இயக்கப் பகுதிகளில் அதற்குப் பின்னரே தோன்றியது. உள்ளே செய்து பார்த்துத்தான் புரிகிறது என்றால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

ஸ்கேன் ஆய்வு எவ்வளவு இருந்தாலும் ஒரு குறை போகாது. தகவல் அங்கே இருக்கிறது என்பதால் மூளை அதைப் பயன்படுத்துகிறது என்று நிரூபணமாகிவிடாது. அதற்கு வேறு வகைச் சான்று வேண்டும், அது மனிதர்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது. கைகளே இல்லாமலோ மிகக் குறுகிய கைகளோடோ பிறந்த ஐந்து பேரை ஜில் வான்னுஸ்கோர்ப்ஸும் கராமாட்ஸாவும் சோதித்தார்கள், 2016-இல் வெளியானது. கையால் ஒன்றைப் பிடித்த அனுபவமே இல்லாதவர்கள் அவர்கள். பிறர் கையால் செய்வதை அடையாளம் காண்பது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, பார்த்ததை நினைவில் வைப்பது எல்லாவற்றிலும் அவர்கள் மற்றவர்களுக்குக் குறையவில்லை. தன் மூளையில் ஒத்திகை பார்க்க அவர்களிடம் கை இயக்கமே கிடையாது. என்னைக் கேட்டால், கண்ணாடி நியூரான் கொள்கையின் வலுவான வடிவத்துக்கு இதைவிடக் கடினமான கேள்வி இல்லை.

பக்கவாத நோயாளிகளிடமிருந்து வரும் சான்றும் இதே பக்கம்தான் சாய்கிறது. அப்ராக்சியா என்று ஒரு நிலை உண்டு. பெர்லினில் ஹியூகோ லீப்மன் 1900-இல் விவரித்து மருத்துவ உலகம் கவனித்தது. கையில் பலம் இருக்கிறது, சொல்வது புரிகிறது, ஆனால் 'பல் துலக்குவது மாதிரி செய்து காட்டுங்கள்' என்றால் கை தடுமாறும். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பிடிவாதம் என்றோ மறதி என்றோ எடுத்துக்கொண்டு நோயாளியைக் கடிந்துகொள்வதும் உண்டு. இரண்டுமே இல்லை. லெய்லா தர்ஹான், லாரல் பக்ஸ்பாம் முதலியோர் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட 131 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2015-இல் எழுதினார்கள். கருவியைப் பயன்படுத்திக் காட்டுவதற்கும், பிறர் பயன்படுத்துவதை அடையாளம் காண்பதற்கும் பொதுவாகத் தேவைப்பட்ட இடம் பொட்டுப் பகுதியின் பின்பாகத்தில் இருந்தது. செயல்களைப் பற்றிய அறிவு அங்கே தங்கியிருக்கிறது, செய்வதற்கும் அது வேண்டும், புரிவதற்கும் அது வேண்டும் என்று படிப்பதே பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம் இன்னொரு ஆய்வு. வுர்மும் கராமாட்ஸாவும் 2019-இல், காணொளியாகக் காட்டிய செயலையும் அதே செயலை விவரிக்கும் வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டார்கள். காணொளியில் பழக்கிய நிரல், வாக்கியம் படிக்கும்போது எழும் வடிவத்தை அடையாளம் காணுமா? இடப்பக்க எல்.ஓ.டி.சி.யில் கண்டது. இயக்கப் பகுதிகளில் இப்படிக் கடந்து செல்லும் தகவல் கிடைக்கவில்லை. எழுத்தில் அசைவு எதுவும் இல்லையே. பார்த்தாலும் படித்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்று என்று ஆகிறது.

இனி, மூளை செயல்களை எப்படி அடுக்கி வைத்திருக்கிறது என்ற பக்கம். வுர்ம், கராமாட்ஸா, லிங்னாவ் மூவரும் 2017-இல் எல்.ஓ.டி.சி.க்குள்ளேயே ஒரு ஒழுங்கைக் கண்டார்கள். செயல் இன்னொரு ஆளை நோக்கியதா, ஒரு பொருளை நோக்கியதா என்பதுதான் அந்த ஒழுங்கு. ஆளை நோக்கியவை மேற்புறமாகவும் பொருளை நோக்கியவை கீழ்ப்புறமாகவும் பிரிகின்றன. 2020-இல் ஹார்வர்டில் லெய்லா தர்ஹானும் டாலியா காங்க்ளும் 60 அன்றாடச் செயல்களை வைத்து மூளையின் பார்வைப் பகுதிகள் முழுவதையும் பார்த்தார்கள். அங்கேயும் 'ஆளை நோக்கியதா' என்பது பெரிய பிரிவாக வந்தது. கூடவே இன்னொன்று: அந்தச் செயல் எவ்வளவு பெரிய இடத்தை ஆக்கிரமிக்கிறது. பூத்தையல் போடுவது மேஜை அளவில் அடங்கும், ஓடுவதற்குத் தெருவே வேண்டும். எந்த உறுப்பு அசைகிறது என்பதைவிட இப்படிப்பட்ட விஷயங்களே பிரிவுகளைத் தீர்மானிக்கின்றன என்பது எனக்குப் பிடித்த முடிவு.

ரேகன்ஸ்பர்க்கில் லிங்னாவின் மாணவர்கள் இதை இன்னும் விரித்திருக்கிறார்கள். ஸுசன்னா கபுல்ஸ்காவும் லிங்னாவும் 100 செயல்களை எடுத்து, எவை எவற்றோடு சேரும் என்று மக்களையே அடுக்கச் சொன்னார்கள். தோங்ஹே ஷுவாங்கோடு சேர்ந்து செய்த ஆய்வுகள் மூன்று படிநிலைகளைப் பற்றியவை: இடம்பெயர்தல் என்ற பொதுவான நிலை, அதற்குள் நீந்துதல், அதற்குள் இன்ன விதமான நீச்சல். பொருள்களை நாம் விலங்கு, நாய், இன்ன ஜாதி நாய் என்று அடுக்குவது பற்றி 1970-களிலிருந்தே ஆய்வு உண்டு. செயல்களுக்கு இது அந்த அளவுக்கு ஆராயப்பட்டதில்லை. இந்த மூன்று நிலைகளின் தகவலும் எல்.ஓ.டி.சி.யில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தது.

நம் வாழ்க்கை இடைவெளியே இல்லாத ஓட்டம், அதில் ஒரு செயல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதும் ஒரு தனிக் கேள்வி. செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி சாக்ஸ் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார். அன்றாட வேலைகளின் காணொளியைக் காட்டி, 'ஒரு பகுதி முடிந்தது என்று தோன்றும்போது பொத்தானை அழுத்துங்கள்' என்றால், ஆளுக்கு ஆள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது. பொத்தானே இல்லாமல் சும்மா பார்க்கும்போதும் அதே எல்லைகளில் மூளையின் செயல்பாடு எழும்புவதை 2001-இல் காட்டினார்கள். எழும்பும் இடங்களில் எல்.ஓ.டி.சி.க்குள் இருக்கும் அசைவுப் பகுதியும் உண்டு.

அப்படியானால் இயக்கப் பகுதிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. இங்கே எதிர்த்தரப்பு சில சமயம் அளவுக்கு மீறிப் போய்விடுகிறது. முதலில், இயக்கப் பகுதியே தசை வாரியாக அடுக்கப்பட்ட பட்டியல் அல்ல. 1937-இல் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் வரைந்த வரைபடத்தில் கால், கை, முகம் என்று வரிசையாக உறுப்புகள் இருக்கும். பள்ளிப் பாடப்புத்தகம் வரைக்கும் வந்த படம். பிரின்ஸ்டனில் மைக்கேல் கிராசியானோ 2002-இல் குரங்கின் அதே பகுதியில், வழக்கமான மிகச் சிறிய மின்தூண்டலுக்குப் பதிலாக அரை நொடி தூண்டினார். ஒரு இடத்தைத் தொட்டால் கை பற்றும் வடிவத்துக்குக் குவிந்து, வாய்க்கு அருகே போய், வாயும் திறந்தது. கை எங்கிருந்து புறப்பட்டாலும் வந்து சேர்ந்தது ஒரே இடத்துக்கு. வேறொரு இடத்தைத் தொட்டால் முகத்தைக் காப்பது போல உடல் சுருங்கியது. தசைப் பட்டியலாக இல்லாமல் குரங்கின் அன்றாடச் செயல்களின் பட்டியலாக அது தெரிந்தது. அவ்வளவு நீண்ட தூண்டல் இயற்கையானதல்ல என்று விமர்சனம் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 2023-இல் இவான் கார்டன், நிகோ டோசன்பாக் குழு மனிதர்களிடம் கண்டதும் பென்ஃபீல்டின் படத்தைக் கலைத்துவிட்டது. கால், கை, வாய்ப் பகுதிகளுக்கு இடையிடையே எந்த ஒரு உறுப்புக்கும் சொந்தமில்லாத மூன்று இடங்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்றும், திட்டமிடும் பகுதிகளோடும் பின்னியிருக்கின்றன.

இரண்டாவது, ஒரு செயலைச் செய்து பழகியவர் அதைப் பார்க்கும் விதம் உண்மையிலேயே மாறுகிறது. பாலே நடனக்காரர்களுக்கும், பிரேசிலின் தற்காப்பு ஆட்டமான கபோயெரா ஆடுபவர்களுக்கும் இரண்டு ஆட்டங்களையும் காட்டினார் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோ (2005). அவரவர் பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போது முன்னியக்கப் பகுதியும் உச்சிப்பகுதியும் கூடுதலாக இயங்கின. பழக்கப்பட்ட கண் என்பதால் இருக்கலாமே? அதற்கும் விடை தேடினார். பாலேயில் ஆண்கள் மட்டும் செய்யும் அசைவும் பெண்கள் மட்டும் செய்யும் அசைவும் உண்டு. இருவரும் தினமும் ஒன்றாகவே பயிற்சி செய்வதால் இரண்டையும் பார்த்திருப்பார்கள், ஒன்றைத்தான் செய்திருப்பார்கள். 2006-இல் வந்த விடையின்படி, செய்த அசைவுக்கே கூடுதல் எதிர்வினை. 2014-இல் இன்னொரு குழு காந்தத் தூண்டலால் முன்னியக்கப் பகுதியின் கைப் பாகத்தைத் தற்காலிகமாக மந்தப்படுத்தியபோது கைச் செயல்களைப் புரிந்துகொள்வது சற்றுக் குறைந்தது. வாய்ப் பாகத்தை மந்தப்படுத்தியபோது வாய்ச் செயல்கள். ஆக, முன்பகுதி வெறும் பார்வையாளரும் அல்ல. 'என்ன செய்கிறார்' என்பது பின்னால் தீர்மானமாகிறது, 'எப்படிச் செய்கிறார், இதே மாதிரி நானும் செய்வதென்றால் என்ன' என்ற நுணுக்கத்துக்கு முன்பகுதி உதவுகிறது என்று நான் வாசிக்கிறேன். உச்சிப்பகுதி இரண்டுக்கும் நடுவே என்ன செய்கிறது என்பதில்தான் இப்போது சூடான விவாதம்.

கடைசியாக ஆட்டிசம். 2006-இல் ராமச்சந்திரனும் லிண்ட்சே ஓபர்மனும் 'உடைந்த கண்ணாடி' என்ற விளக்கத்தைப் பிரபலமாக்கினார்கள். அதை ஆதரித்த தொடக்க ஆய்வுகள் சிறியவை. 2013-இல் அன்டோனியா ஹாமில்டன் அதுவரை வந்த மூளை ஆய்வுகளை ஒட்டுமொத்தமாகப் பரிசீலித்தார். கண்ணாடி நியூரான் அமைப்பு முழுவதும் ஆட்டிசத்தில் பழுதாகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடித்தார். 2007-இலேயே அவர் குழு காட்டியது இன்னும் நேரடியானது: ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பிறர் செயலின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு அதைப் பின்பற்றிச் செய்வதில் மற்றக் குழந்தைகளுக்குப் பின்தங்கவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களிடம் காணும் வேறுபாடு ஒரே ஒரு வகை நியூரானிலிருந்து வருவதாகச் சொல்ல முடியாது.

ஆகவே 'கண்ணாடி நியூரான்களைத் தூண்டி ஆட்டிசத்தைச் சரிசெய்கிறோம்' என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டுவதற்கு முன் எந்தக் கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில் அது நிரூபணமானது என்று கேளுங்கள். இதோடு பலரும் குழப்பிக்கொள்ளும் கண்ணாடிப் பெட்டி சிகிச்சை வேறு விஷயம். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் ராமச்சந்திரன் கொண்டுவந்தது அது, இருக்கும் கையின் பிம்பத்தை உண்மையான கண்ணாடியில் காட்டுவார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு கை இயக்கத்தை மீட்கவும் இப்போது பிசியோதெரபிஸ்டுகள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அது உதவுகிறதா என்பதை அதற்கென நடந்த சோதனைகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி நியூரான் கொள்கை நின்றாலும் விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.